நம்பர் டூவுக்கு

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி மாதத்தில் பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள உனக்கு எல்லா உரிமையும் உண்டு. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கம்பு இல்லாமலே கேன்டீன் வரை போய்வருகிறாய் என்று தங்கச்சி போனில் சொன்னாள். சந்தோஷம். ஆம்பூர்க்காரன் மகள் கல்யாணத்தில் என் பேருக்கும் நீயே மொய் எழுதினாயாமே. ஊருக்கு வந்ததும் தருகிறேன்.

பெரியவள் வீட்டில் இரண்டு மாதம் இருக்கலாம் என்று பிரான்சுக்கு வந்திருக்கிறேன். போன வாரம் ஒரு இடம் பார்த்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே “சரி சரி, சாப்டியா?” என்பாய். அதனால்தான் காகிதம். பொறுமையாகப் படி.

மருமகப்பிள்ளை காரில், முதல் உலகப் போர் நடந்த சோம் பக்கம் கூட்டிப்போனார். ஆல்பேர் என்ற ஊரிலிருந்து பப்போம் போகிற ரோடு, ரோமானியர் காலத்து ரோடாம், நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. அதில் நாலு கிலோமீட்டர் தாண்டினால் வலது கைப் பக்கம் லா புவாசெல் என்று ஒரு சின்னக் கிராமம். இடது பக்கம் ஒரு பள்ளம். மேஷ் பள்ளத்தாக்கு என்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் வைத்த பேர். பள்ளத்தாக்கு என்றதும் நீலகிரியை நினைத்துவிடாதே. வெலிங்டனில் நாம் மூச்சு வாங்க ஏறின சரிவில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. தாம்பாளம் மாதிரி லேசாகக் குழிந்த வயல்தான். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஓவிலே என்று இன்னொரு கிராமம்.

லா புவாசெல் ஓரத்தில் போய் நின்றேன். என்னை அறியாமல் கை நீண்டுவிட்டது. விரலை வைத்து டிகிரி அளக்கிறேன்! போட்டோ எடுக்கத்தான் இடம் காட்டுகிறேன் என்று நினைத்து மருமகப்பிள்ளை செல்போனை எடுத்தார். மேடு கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. அங்கே படுத்தால் பள்ளம் முழுக்க, நமக்குக் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கைக்குள் வந்துவிடுகிறது. ஒரு இஞ்ச் மறைவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது மாப்ளே.

நமக்கு மெஷின் கன் சொல்லிக்கொடுத்த உஸ்தாதின் வெள்ளரிக்காய் நினைவிருக்கிறதா? மணலில் குச்சியால் கோடு போட்டு, லங்கரிலிருந்து கொண்டுவந்த வெள்ளரிக்காயை அதன் மேல் வைப்பாரே. மெஷின் கன் குண்டுகள் ஒரே புள்ளியில் போய் விழாது, அகலம் குறைவாக நீளம் அதிகமாக, வெள்ளரிக்காய் மாதிரி தரையில் விழும். வரிசையாக வருகிறவர்களை நேரே முன்னாலிருந்து சுட்டால் காய் வரிசைக்குக் குறுக்கே கிடக்கும். இரண்டு பேர், மூன்று பேர்தான் அதில் சிக்குவார்கள். பக்கவாட்டிலிருந்து சுட்டால் காய் வரிசையோடு வரிசையாகப் படுத்துவிடும். துப்பாக்கியைத் திருப்பக்கூட வேண்டாம்.

இதை ஒப்பிக்க நமக்குத் தெரியும். ஆனால் நான் உள்ளுக்குள் நம்பியதே இல்லை. அந்த எக்சர்சைஸில், நேர் எதிரே டம்மி எதிரிகள் ஓடிவருவதைப் பார்த்துத் துப்பாக்கியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். உஸ்தாத் ஹெல்மெட்டில் ஒரு தட்டு தட்டினார். “உன் முன்னாடி வர்றவன் உன் வேலை இல்லடா. அவன் பக்கத்து பிளட்டூன் வேலை. பக்கத்து பிளட்டூன் முன்னாடி வர்றவன்தான் உன் வேலை.” துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கிரவுண்டைச் சுற்றினோம். என்னோடு நீயும் ஓடினாய். எனக்கு முன்னால் வருகிறவனை எவனோ பார்த்துக்கொள்வானாம், நான் என் உயிரை அவன் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் சுட வேண்டுமாம். என்ன நியாயம் என்று ரொம்ப நாள் கறுவினேன்.

அந்த நியாயம் லா புவாசெல்லில் கிடைத்தது. 1916 ஜூலை 1, காலை 7:30. அதற்கு முன் ஒரு வாரம் பிரிட்டிஷ் பீரங்கிகள் 15 லட்சம் குண்டுகள் போட்டிருந்தன. எவனும் மிஞ்சியிருக்க மாட்டான் என்று தளபதிகள் நினைத்தார்கள். ஜெர்மன்காரர்கள் 20, 30 அடி ஆழத்தில் பதுங்குகுழி தோண்டி உட்கார்ந்திருந்தார்கள். பீரங்கிகள் குறியைப் பின்வரிசைக்கு மாற்றினதும், படி ஏறி மெஷின் கன்னைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அந்த ஓட்டப்பந்தயத்தில்தான் எல்லாம் முடிந்தது. இந்தப் பள்ளத்தில் இரண்டு பக்க முன்வரிசை அகழிகளுக்கும் நடுவே இருந்த வெளி 700 கஜம் அளவுக்கு. அவ்வளவு தூரத்தையும் கடந்து வர வேண்டும். வருகிறவனுக்கு வலது பக்கம் லா புவாசெல், இடது பக்கம் ஓவிலே. இந்த ஊர்த் துப்பாக்கி அந்த ஊர் முன்னால் சுடுகிறது, அந்த ஊர்த் துப்பாக்கி இந்தப் பக்கம் சுடுகிறது. மேட்டின் தோள் மறைப்பதால், நேரே வருகிறவன் கண்ணுக்குத் துப்பாக்கி தெரிவதே இல்லை. உஸ்தாத் சொன்னது ஒரு எழுத்து மாறாமல் அங்கே நடந்திருக்கிறது.

மிடில்செக்ஸ் ரெஜிமெண்டின் 2வது பட்டாலியன் இந்தப் பள்ளத்தில்தான் இறங்கியது. 600 பேருக்கு மேல் விழுந்தார்கள். இதே பட்டாலியன் 1915 மார்ச்சில் நெவ் ஷாப்பெலில், பீரங்கிக்குத் தப்பிய ஒன்றிரண்டு மெஷின் கன்னிடம் அடிபட்டிருந்தது. அன்று அங்கே தாக்கியவர்களில் பாதி நம்ம நாட்டுச் சிப்பாய்கள். அதே பாடம், அதே பட்டாலியன், பதினாறே மாத இடைவெளி! மேலே உட்கார்ந்திருந்தவர்கள் யாருக்குமே உறைக்கவில்லையா? எனக்கு ஆறவே இல்லை. அந்த ஒரு நாளில் மட்டும் பிரிட்டிஷ் பக்கம் 57,470 பேர் அடிபட்டார்கள், அதில் செத்தவர்கள் 19,240.

நடந்து வந்தவர்களுக்காகப் பக்கத்தில் படுத்து, அந்தத் துப்பாக்கிகளைத் தலை தூக்கவிடாமல் அமுக்க ஒருவனும் இல்லை. பீரங்கிக் குண்டுகள் திட்டப்படி பின்னால் தள்ளித் தள்ளி விழுந்துகொண்டே போயின. 1917 பிப்ரவரியில்தான் ஒவ்வொரு பிளட்டூனுக்குள்ளும் லூயிஸ் என்ற இலகுவான மெஷின் கன்னுக்கென்று ஒரு செக்‌ஷனே வைத்து, ஒருவன் சுட இன்னொருவன் நகரட்டும் என்று முறைப்படி எழுதிவைத்தார்கள்.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியது. தாக்குகிறவன் ஆறு மணியிலிருந்து பன்னிரண்டுக்குப் போனால் துப்பாக்கி மூணு மணியில் இருக்கணும், அப்போதுதான் கடைசி நிமிஷம் வரை நம்ம ஆள் முதுகு குறுக்கே வராமல் சுடலாம் என்பார் உஸ்தாத். சுடுகிறவன் நம்பர் ஒன்; பக்கத்தில் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, கடைசி நிமிஷம் எது என்று பார்க்கிற வேலை நம்பர் டூவுடையது. அந்த ராத்திரி ஃபயரிங்கில், சுடுவதை நிறுத்தச் சொல்லும் விளக்கு வானத்தில் ஏறினதும் நீ என் தோளை அமுக்கினாய். நான் சைட்டை விட்டுக் கண் எடுக்காமல் இன்னொரு பர்ஸ்ட் போகப் பார்த்தேன். நீ பெல்ட்டைப் பிடித்து இழுத்துவிட்டாய். கூடாரத்துக்கு வந்து, துப்பாக்கி கெட்டுப்போகும் என்று எல்லோர் முன்னாலும் உன்னைக் கண்டபடி திட்டினேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நம்ம பிளட்டூன் அப்போது இலக்கின் மேலேயே ஏறிக்கொண்டிருந்தது. நீ இழுக்காமல் இருந்திருந்தால் ஆம்பூர்க்காரன் உட்பட எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. இத்தனை வருஷமாக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அந்தப் பள்ளத்திலேயே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 3,400 பேருக்கு மேல். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் யாரென்றே தெரியாதவர்கள். கல்லில் பேருக்குப் பதில், பெரும் போரின் சிப்பாய் ஒருவன், கடவுளுக்குத் தெரிந்தவன் என்று மட்டும். வரிசைகள் நடுவே நடந்தபோது, சுட்டவனையும் நினைத்தேன். அவனும் ஒரு நம்பர் ஒன். பக்கத்தில் 250 குண்டு பெல்ட்டை மடங்காமல் ஏந்திப் பிடித்தபடி ஒரு நம்பர் டூ. தண்ணீர் கொதித்து ஆவி பறந்திருக்கும். அவர்கள் உஸ்தாதும் மணலில்தான் கோடு போட்டிருப்பார்.

அடுத்த வாரம் நெவ் ஷாப்பெல் நினைவிடத்துக்குப் போகிறோம். அந்தப் போரின் மேற்கு முனையில் செத்து, கல்லறைகூட இல்லாமல் போன நம்ம சிப்பாய்கள், வேலையாட்கள் என்று 4,700 பேருக்கு மேல் அங்கே கல்லில் பேர் பொறித்திருக்கிறார்களாம். உன் பேரிலும் ஒரு பூ வைக்கிறேன்.

முட்டியைப் பார்த்துக்கொள். மாடிப்படி ஏறாதே. ஒன்று மட்டும் மறக்காமல் எழுது: அந்த ராத்திரி ஏறின விளக்கு பச்சையா, சிவப்பா? நான் பச்சை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் பார்த்தது நீதான்.

அன்புடன்,
உன் நம்பர் ஒன்