பேட்டன் டாங்கியின் மேல் பாலைவனப் புழுதியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அசலைச் சிறிதாக்கிச் செய்யும் அளவுமாதிரி டாங்கிகளைப் பற்றி வெளியான கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். இந்தப் பொழுதுபோக்குக்குத் தமிழ் இதழ்களில் அரைப்பக்கம் கிடைப்பதே அரிது. ஆயினும் அதனுடன் அச்சான ஒரு படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'கேம்கரண், 1965 செப்டம்பர் 10' என்ற குறிப்போடு இருந்த, பாகிஸ்தான் படையின் எம்-48 பேட்டன் டாங்கி மாதிரியின் மேல், அடிப்பாகம் முதல் சுழல்கோபுரம் வரை, மஞ்சள் நிறப் பாலைவனப் புழுதி ஒரே சீராகப் பூசப்பட்டிருந்தது. அந்த நாளில், அந்த இடத்தில், அந்த டாங்கியின் மேல் இருந்திருக்க வேண்டியது சேறு.

1965 இந்தியா-பாகிஸ்தான் போரில், பஞ்சாபின் கேம்கரணை அடுத்த அசல் உத்தரில் நடந்த சண்டையின் போக்கையே சேறுதான் மாற்றியது. நமது 4-வது மலைப்படைப் பிரிவு கரும்பு வயல்களின் மறைவில் குதிரை லாட வடிவில் காத்திருந்ததோடு, வாய்க்கால் கரைகளை உடைத்து வயல்களில் நீரையும் பாய்ச்சி வைத்திருந்தது. ஏறத்தாழ 45 டன் எடையுள்ள பேட்டன்கள் இளகிய வண்டல் மண்ணில் சிக்கி, முன்னேறவும் திரும்பவும் இயலாமல் நம்மவர்களின் குண்டுகளுக்கு இலக்காயின. இதை விட்டுவிட்டு அந்த டாங்கியை உருவாக்குவது, மழையை விட்டுவிட்டு வெள்ளத்தை வரைவது போன்றது.

சரியான சேறு எப்படி அமையும் என்பதையும், இருபது ஆண்டுகளாக இந்த மாதிரிகளைச் செய்து வருபவன் என்ற முறையில், சொல்ல விரும்புகிறேன். முதலில் நிறம். ஸ்பெயினின் வயேஹோ போன்ற நிறுவனங்கள் 'ஐரோப்பியச் சேறு', 'ரஷ்யச் சேறு' என்று புட்டிகளில் விற்கும் கலவைகள் நல்லவைதாம். ஆனால் பஞ்சாப் வண்டல் உலர்ந்தால் வெளிறிய சாம்பல் கலந்த பழுப்பாகவும், நனைந்தால் அதே நிறம் இரண்டு மூன்று படி இருண்டும் தெரியும். வண்ணப்பொடிகளைக் கலந்து இந்த நிறத்தை நாமே உண்டாக்கிக்கொள்வதே நல்லது.

அடுத்து அளவு, பலரும் தவறுவது இங்கேதான். 1/35 மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மையில் 35 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் மணல் துகள் அங்கே பதினேழரை மில்லிமீட்டர் கூழாங்கல்லாகிவிடும். ஆகவே தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளி ஒட்டாமல், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொடியையும் மிக நுண்ணிய சல்லடையில் சலித்த மண்ணையும் வண்ணப்பொடியோடு சேர்த்து, அக்ரிலிக் பசையில் குழைத்துக்கொள்ள வேண்டும். நறுக்கிய சணல் இழை சிறிது சேர்த்தால் கரும்புத் தோகையின் துணுக்குகள் கிடைத்துவிடும்.

அதைப் பூசும் இடத்தை வண்டியின் இயக்கமே தீர்மானிக்கிறது. பேட்டனுக்கு இயக்கும் பற்சக்கரம் பின்புறம் உள்ளது. சங்கிலிப்பட்டையின் மேல்வரிசை முன்னோக்கி ஓடும்போது சேற்றை அள்ளிச் சென்று முன் சக்கரத்தருகிலும் மட்கார்டுகளின் உட்புறத்திலும் வீசும். எனவே சக்கரங்களின் இடுக்குகள், அடிக்கூட்டின் பக்கச் சுவர்கள், பற்சக்கரத்தின் பற்கள் ஆகிய இடங்களில் முதலில் உலர்ந்த வெளிறிய அடுக்கும், அதன் மேல் அங்கங்கே ஈரமான இருண்ட அடுக்கும், கடைசியாகச் சில இடங்களில் மட்டும் பளபளப்பான வார்னிஷும் வர வேண்டும். எல்லா இடத்திலும் பளபளத்தால் டாங்கி வெல்லப்பாகில் தோய்ந்ததுபோல் ஆகிவிடும் (என் முதல் முயற்சி அப்படித்தான் ஆயிற்று). சுழல்கோபுரத்தில் சேறு தெறிக்க வேண்டியதில்லை. ஆனால் புதைந்த வண்டியைக் கைவிட்டு இறங்கி ஓடிய வீரர்களின் பூட்ஸ் தடங்கள் மட்கார்டிலும் முன்தகட்டிலும் இருந்தாக வேண்டும். இந்தச் சிறு விவரத்தைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

படத்தில் இன்னொரு பிழையும் கண்ணில் பட்டது. சங்கிலிப்பட்டை முழுவதும் வெள்ளி நிறத்தில் தேய்க்கப்பட்டிருந்தது. எம்-48-இன் பட்டைகளில் தரையைத் தொடுவது ரப்பர்; பற்சக்கரம் உரசும் ஓர இணைப்புகள் மட்டுமே பளிச்சென்றிருக்கும்.

மாதிரியைச் செய்தவரின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமில்லை. பற்றவைப்புத் தழும்புகளைக்கூட அவர் நுணுக்கமாகக் காட்டியிருந்தார். பூசிய புழுதியைச் சுரண்டி எடுக்க அவருக்கு மனம் வராவிட்டால், குறிப்பை மாற்றிக்கொள்ளலாம். கைப்பற்றப்பட்ட டாங்கிகள் பின்னர் பிக்கிவிண்டில் வரிசையாக நிறுத்தப்பட்டன. அந்த இடத்துக்கே பேட்டன் நகர் என்று பெயர் வந்தது. அங்கே நின்ற டாங்கியாக இருந்தால் சேறு காய்ந்து வெளிறியிருக்கும். அப்போதும் சக்கர இடுக்குகளில் வெடித்த மண்கட்டிகள் வேண்டும். மஞ்சள் நிறம் மட்டும் ஆகாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஆவடி.