அந்த மூன்று கொம்புகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சின்னத்தை வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, அம்மா சொல்லியிருப்பாள். அங்கே குளிர் விட்டதா? பில் கூடும் என்று ஹீட்டரை அணைத்துவிட்டு உட்காராதே. கையுறை இல்லாமல் வெளியே போகாதே.

பொங்கல் சமயத்தில் பெர்லினில் டெம்பல்ஹோஃப் பழைய விமான நிலையத்துக்கு எதிரில் நிற்கும் நினைவுச்சின்னத்தை போட்டோ எடுத்து அனுப்பி, "இதுக்கு ஏன்ப்பா மூணு கொம்பு?" என்று கேட்டிருந்தாய். நான் பதில் போடவில்லை. அதற்கப்புறம் உன்னிடமிருந்தும் ஒன்றும் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று கொம்பு என்றால் மூன்று வான்வழி. வடக்கே ஹாம்பர்க் பக்கம் ஒன்று, நடுவே ஹனோவர் பக்கம் ஒன்று, தெற்கே பிராங்க்ஃபர்ட் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் 32 கிலோமீட்டர் அகலம். இரண்டாம் உலகப்போர் முடிந்து, ஜெர்மனியின் சோவியத் பகுதிக்கு நடுவே தீவாகக் கிடந்த, அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் கையிலிருந்த மேற்கு பெர்லினுக்குப் போய்வர, இந்த மூன்றுக்கு மட்டும்தான் 1945 நவம்பரில் எழுத்தில் ஒப்பந்தம் ஆகியிருந்தது. சாலைக்கும் ரயிலுக்கும் அப்படி எதுவும் எழுதி வாங்கவில்லை. 1948 ஜூனில் மேற்குப் பகுதிகளில் புது மார்க் நாணயம் வந்ததும், 24-ஆம் தேதி சோவியத் தரப்பு சாலை, ரயில், படகு மூன்றையும் அடைத்துவிட்டது. கிழக்கிலிருந்து வந்த மின்சாரமும் நின்றது. எழுத்தில் இருந்தது மட்டும் மிஞ்சியது. வானத்தில் மறிக்க வேண்டுமானால் சுட வேண்டும். சுட்டால் போர். அதற்கு மாஸ்கோ துணியவில்லை.

அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் 20 லட்சம் பேருக்கு விமானத்திலேயே கொண்டுபோய்ச் சோறு போட வேண்டும். உன் அம்மா மாதச் சாமான் எழுதுவது போலத்தான் கணக்கு எழுதினார்கள். ஒரு நாளைக்கு மாவும் கோதுமையும் 646 டன், சர்க்கரை 180, உப்பு 38, ரொட்டிக்கு ஈஸ்ட் 3, குழந்தைகளுக்குப் பால் 5 டன். ரொட்டியாகக் கொண்டுபோனால் எடையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதனால் மாவாகவே போயிற்று. உருளைக்கிழங்கைக் காயவைத்து அனுப்பினார்கள், ஐந்தில் ஒரு பங்கு எடைதான். நிலக்கரியை அப்படிச் சுருக்க வழியில்லை. கொண்டுபோன மொத்தச் சரக்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கரி. கான்வாஸ் பையில் கட்டினாலும் தூள் கசியும். கட்டுப்பாட்டுக் கம்பிகளிலும் மின் இணைப்புகளிலும் போய் உட்காரும். உப்பு அதைவிட மோசம், உலோகத்தை அரித்துவிடும். அதற்காக சண்டர்லாண்ட் என்ற கடல் விமானங்களை ஹாவெல் ஆற்றில் இறக்கினார்கள். உப்புத் தண்ணீரில் மிதக்கவே செய்யப்பட்டவை அவை. குளிர்காலத்தில் ஆறு உறையத் தொடங்கியதும் உப்பை வயிற்றுக்கடியில் பெட்டி கட்டிய வேறு விமானங்களுக்கு மாற்றினார்கள். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அம்மா பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறாள், வந்ததும் ஒரு வரி போடு.

வீட்டுக்காரர் பிடித்து வைத்த முன்பணத்தை ஜெர்மன் மொழியிலேயே வாதாடித் திரும்ப வாங்கினாயே, அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அம்மா பிறந்தநாளுக்கு ஒரே ஒரு மெசேஜ். அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

விமானங்களைத் தரையிலிருந்து வழிநடத்தும் எங்கள் தொழிலுக்குப் பாடமான நாள் 1948 ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. மேகம் கூரை மட்டத்துக்கு இறங்கிவிட்டது, மழையில் ரேடாரிலும் ஒன்றும் தெரியவில்லை. டெம்பல்ஹோஃபில் ஒரு சி-54 சரக்கு விமானம் ரன்வே தாண்டி ஓடித் தீப்பிடித்தது. அடுத்தது அதில் மோதாமலிருக்க பிரேக் அழுத்தி டயர் வெடித்தது. மூன்றாவது, பாதி போட்டிருந்த ரன்வேயில் இறங்கிச் சுழன்றது. பின்னால் வந்தவை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வானத்தில் சுற்றின. பொறுப்பாளர் ஜெனரல் டன்னரே அந்த அடுக்கில் மாட்டிக்கொண்டார். எல்லோரையும் திருப்பி அனுப்பினார். அதற்கப்புறம்தான் விதி வந்தது: ஒரே ஒரு முறை இறங்கப் பார்க்கலாம், முடியாவிட்டால் மேலே சுற்றக் கூடாது. நடு வழியாகப் புறப்பட்ட தளத்துக்கே திரும்ப வேண்டும். வடக்கும் தெற்கும் உள்ளே வர மட்டும், நடு வழி வெளியே போக மட்டும். வானம் தெளிவாக இருந்தாலும் கருவிகளை நம்பித்தான் பறக்க வேண்டும். இடைவெளி மூன்று நிமிடம்.

இது கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஒருவனுக்கு இரண்டாம் வாய்ப்புக் கொடுத்தால் பின்னால் வருகிற ஒவ்வொருவனும் தாமதிக்க வேண்டும், அதுதான் காரணம்.

பெர்லினிலேயே டேகல் என்ற இடத்தில் புது ரன்வே போட்டதும் பெரிய வேலை. கனரக இயந்திரங்களை அறுத்து, விமானத்தில் ஏற்றி, அங்கே ஒட்டவைத்தார்கள். ஆனால் எனக்கு மனதில் நிற்பது நவம்பர் பனிமூட்டம்தான். டெம்பல்ஹோஃபுக்கு வரும் வழியில் அடுக்குமாடி வீடுகள், அதற்கு நடுவே ஒரு கல்லறைத் தோட்டம். வழிகாட்டும் விளக்குகளைக் கல்லறைகளுக்கு மேலேயே கம்பம் நட்டுப் போட்டார்கள். ரேடார் திரையில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி கீழே ஒருவன் பேசிக்கொண்டே இருப்பான்: கொஞ்சம் இடப்பக்கம், சரி, இறங்கு, அப்படியே வா. பைலட்டுக்கு வெளியே வெறும் வெள்ளை. காதில் அந்தக் குரல் ஒன்றுதான். அது நடுங்கக் கூடாது, உயரக் கூடாது.

பாப்பா, 31 வருடம் நான் அப்படித்தான் பேசினேன். எரிபொருள் குறைகிறது என்று பதறினவனிடம்கூடக் குரல் உயர்த்தியதில்லை. நீ அன்று ராத்திரி போன் பண்ணி, "அப்பா, நான் கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமா?" என்று கேட்டபோது, ஏன் என்றுகூடக் கேட்காமல் கத்தினேன். படிக்க வைத்த செலவைச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றேன். போனை வைத்ததும் நான்தான். லைன் கட்டாகிவிட்டது என்று உன் அம்மாவிடம் பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

திரும்பிப் போன விமானங்களைப் பற்றிச் சொல்ல வந்தது இதற்குத்தான். சரக்கு அப்படியே இருக்கும். தளத்தில் இறங்கி, மறுபடி வரிசையில் சேர்ந்து வரும். 1949 ஏப்ரலில் ஈஸ்டர் சமயம் ஒரே நாளில் விமானங்கள் 1,398 தடவை பறந்து 12,941 டன் இறக்கினவே, அதே வழியில், அதே விதியில்தான். மே 12-இல் சாலை திறந்த பிறகும் செப்டம்பர் 30 வரை பறந்தார்கள், கையிருப்பு சேரட்டும் என்று.

கையுறை போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை, நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். டிக்கெட்டுக்குப் பணம் உன் பழைய கணக்கில் போட்டிருக்கிறேன். மாடி ரூமுக்கு ஃபேன் மாற்றியாயிற்று, கொசுவலையும் அடித்தாயிற்று. சாவி பழைய இடத்திலேயே இருக்கிறது.

அப்பா