மூன்றாம் பருவம்: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்து வகுப்புகள் வழக்கம்போல் நடக்கின்றன. அரையாண்டுத் தேர்வு முடிவுகள் மனநிறைவு தருகின்றன. கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். விளையாட்டிலும் பரிசுகள் வந்திருக்கின்றன. ஆண்டு விழா பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இனி மதிய உணவு.

கொஞ்ச நாளாகப் பன்னிரண்டரை மணிக்குப் பள்ளி வாசலில் இருசக்கர வாகனங்கள் வரிசை கட்டுகின்றன. கேட் கம்பி வழியாக டிபன் பாக்ஸ் உள்ளே வருகிறது, கூடவே சிப்ஸ் பாக்கெட்டும். பிள்ளை வாய்க்கு ருசியாகச் சாப்பிட வேண்டும் என்ற பெற்ற மனம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் காலை வருகைப் பதிவு முடிந்ததுமே சாப்பிடுவோர் கணக்கு சமையலறைக்குப் போய்விடுகிறது. அதை வைத்துத்தான் அரிசி அளந்து போடுகிறார்கள், முட்டையை எண்ணி வேகவைக்கிறார்கள். காலையில் கை தூக்கிய பிள்ளைக்கு மதியம் வீட்டிலிருந்து டப்பா வந்தால் அந்தச் சோறு மிஞ்சுகிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவைத்து, பனிக்கும் மழைக்கும் பயந்து இரவெல்லாம் காவல் கிடப்பவர்கள் நீங்கள். மிஞ்சிய சோறு எங்கே போகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

பந்தியும் இரண்டாகிவிட்டது. டப்பாக்காரர்கள் வேப்பமரத்தடியில், தட்டுக்காரர்கள் தாழ்வாரத்தில். போன வாரம் ஒரு சிறுமி தயிர்சாத டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, தோழியின் தட்டிலிருந்த முட்டையில் பாதியை வாங்கித் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, “அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், ஐயா” என்றாள். யாரென்று சொல்ல மாட்டேன். நீங்களும் வீட்டில் விசாரணை வைக்க வேண்டாம்.

“அது இல்லாதவர்களுக்குப் போடுகிற சோறுதானே” என்று ஒருவர் சொன்னார். சத்துணவுக்கு வருமானச் சான்று கேட்பதில்லை. 1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கி வைத்த திட்டம் இது. அப்போது தட்டேந்தி வரிசையில் நின்றவர்களில் பலர் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் விரிந்ததும் நமக்குப் பக்கத்துத் திருக்குவளையில்தான், 2023 ஆகஸ்ட் 25 அன்று. காலையில் இங்கே உப்புமா சாப்பிடுகிற பிள்ளைக்கு மதியச் சாம்பார் சாதம் மட்டும் எப்படிக் கௌரவக் குறைவாகும்?

யார் சமைக்கிறார்கள் என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். அரசு முறைப்படி நியமித்த பணியாளர்கள் சமைக்கிறார்கள். அதற்குமேல் அந்தக் கேள்விக்கு இந்த வளாகத்தில் பதில் கிடையாது. அதைப் பிள்ளைகள் காதில் விழும்படி கேட்பதை நான் அனுமதிக்கவும் மாட்டேன்.

சத்துணவு கட்டாயம் இல்லை. வீட்டுச் சாப்பாடுதான் என்றால் காலையிலேயே பையில் வைத்து அனுப்புங்கள். வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். திங்கள் முதல் மதியம் கேட்டில் எதையும் வாங்க மாட்டோம். எதைச் சாப்பிட்டாலும் எல்லோரும் தாழ்வாரத்தில் ஒரே வரிசையில்தான் உட்காருவார்கள். முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம் உண்டு. உடல்நலக் காரணம் இருந்தால் தனியாக வந்து பேசுங்கள், வேண்டியதைச் செய்வோம். சிப்ஸ் பாக்கெட்டுக்கு மட்டும் எந்தக் காரணமும் செல்லாது.

உப்பு கூடிவிட்டது, சோறு குழைந்துவிட்டது என்ற புகார்களில் நியாயம் இருக்கலாம். தினமும் பரிமாறுவதற்கு முன் ஓர் ஆசிரியர் ருசி பார்க்கிறார். அந்த நேரத்துக்கு நீங்களும் வாருங்கள். ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் நேரில் சொல்லுங்கள். அமைப்பாளரும் உடனிருப்பார்.

அறுவடை நேரத்திலும் விடுப்பு எடுக்காமல் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் உங்களுக்கு நன்றி. கொல்லையிலிருந்து முருங்கைக்கீரையும் வாழைக்காயும் கொண்டுவந்து சமையலறையில் வைத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போகிறவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் எங்கள் அன்பு. கீரை கொண்டுவருபவர்கள் காலை ஒன்பதரைக்குள் வந்துவிட்டால் ஆய்ந்து சாம்பாரில் சேர்க்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்