பதில் சொல்ல ஒரு மைக் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கிறிஸ்தவ வானொலிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1980-களில், அதிபர் ரீகன் காலத்தில்தான் அவை அரசியலுக்குள் வந்தன என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். 1930-களிலேயே மிச்சிகன் மாநிலப் பாதிரியார் சார்லஸ் காக்லின் வானொலியில் அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சாடினார். பிறகு யூதர்கள்மேல் வெறுப்பைக் கக்கினார். அதையும் லட்சக்கணக்கானோர் கேட்டார்கள்.

கட்டுரை விட்டுவிட்ட ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவில் ரெட் லயன் என்று ஒரு சிற்றூர். 1964 நவம்பரில் அந்த ஊர் வானொலி நிலையத்தில் பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸ் என்ற போதகரின் 15 நிமிட நிகழ்ச்சி, ஃபிரெட் குக் என்ற பத்திரிகையாளரைத் தாக்கியது. பதில் சொல்ல நேரம் கொடுங்கள் என்று குக் கேட்டார். நிலையம் கட்டண விவரத்தை அனுப்பி வைத்தது! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிலையத்தாரின் உரிமையைவிடக் கேட்பவர்களின் உரிமையே பெரிது என்று 1969-இல் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பு நிலைநிறுத்தியது, மறுதரப்புக்கும் நிலையங்கள் இடம் தர வேண்டும் என்ற நியாய விதியை (Fairness Doctrine). அந்த விதியை ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வலதுசாரி நிலையங்களை நெருக்கப் பயன்படுத்தியதும் உண்மைதான். கார்ல் மெக்கின்டயர் என்ற போதகரின் நிலையம் உரிமத்தையே இழந்தது. 1973-இல் அவர் நியூ ஜெர்சிக் கடலில் கப்பலிலிருந்து ஒலிபரப்பிப் பார்த்தார். ஆனால் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்காக, 1987-இல் விதியையே எடுத்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றோடு மறுதரப்புக்கும் இடம் தர வேண்டிய கட்டாயம் போயிற்று.

சீசெல்ஸ் தீவிலிருந்து சிற்றலையில் வந்த பெபா என்ற கிறிஸ்தவ வானொலியின் தமிழ் நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவன் நான். வானொலியில் வேதவசனம் வந்தால் என் மனம் தானாக இளகிவிடும். சென்ற ஆண்டு டெக்சாஸில் மகள் வீட்டில் இருந்தபோது, பேரனைப் பள்ளியில் விடப் போகும் காரில் தினமும் அப்படி ஒரு நிலையம் ஓடும். ஒரு பாட்டு, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம், பிள்ளை வளர்ப்பு பற்றிக் கனிவாக நாலு வார்த்தை. அதே கனிவான குரலில், வந்தேறிகளால் நாடு கெட்டது என்ற பேச்சு. காரை ஓட்டிக்கொண்டிருந்த என் மகளும் அந்த நாட்டுக்கு வந்தேறியவள்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் ஒலியைக் குறைத்தாள். எனக்கு நெஞ்சு அடைத்தது.

அமெரிக்கக் கிறிஸ்தவ வானொலிப் பேச்சாளர் ஜேம்ஸ் டாப்சனும் பிள்ளை வளர்ப்பு ஆலோசனையில்தான் தொடங்கினார். 1977 முதல் அவர் தாய்மார்களிடம் சம்பாதித்த நம்பிக்கைதான், 2004-இல் அவர் புஷ்ஷை ஆதரித்தபோது எடையாக நின்றது. இதற்குப் பெயர் பிரசங்கம் இல்லை, ஐயா. ஜெபத்துக்காகக் கொடுத்த நம்பிக்கையை ஓட்டுக்காகச் செலவழிப்பது.

இதை ஏற்காத போதகர்கள் அங்கே சபைகளுக்குள்ளேயே இருக்கிறார்கள். மகள் போகும் சபையின் ஆயர் அவர்களில் ஒருவர். ஞாயிறன்று அவர் பேச்சைக் கேட்க எண்பது பேர் வருவார்கள். அவருக்கு வானொலி இல்லை. அடுத்த கட்டுரைக்கு அவரைப் போன்றவர்களிடமும் பேசச் சொல்லுங்கள்.

— ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை