உயிர்ப்புக்கு லீவு இல்லை

அன்பு மகளுக்கு,

உன் வாட்ஸ்அப் குரல் செய்தியை அம்மாவும் நானும் சேர்ந்துதான் கேட்டோம். அம்மா உடனே உன்னைக் கூப்பிட வேண்டும் என்றாள். நான்தான் தடுத்தேன். நீங்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் அழுவீர்கள், அப்புறம் சாப்பிட்டியா, குளிருதா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள். கேட்ட கேள்வி அப்படியே கிடக்கும். அதனால் எழுதுகிறேன்.

"எல்லாரும் அல்லேலூயா பாடுறாங்கப்பா, எனக்குள்ள ஒண்ணுமே நடக்கல. பாட்டி போன பிறகு நடிக்கிற மாதிரி இருக்கு" என்றாய். மெல்பர்னில் ஈஸ்டர் பூசையிலிருந்து பாதியிலேயே எழுந்து வந்துவிட்டதாகவும் சொன்னாய். இதற்குப் பிரசங்கம் வைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. அது ஃபாதர் வேலை, அவர் நன்றாகவே செய்கிறார். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

உனக்கு அங்கே ஈஸ்டர் திங்களும் லீவு. இங்கே சிங்கப்பூரில் நான் அன்று காலை ஏழு மணிக்கு எம்ஆர்டி ரயிலில் நெருக்கிக்கொண்டு நின்றேன். நம் ஊரில் பெரிய வெள்ளி மட்டும்தான் விடுமுறை. ஒரு காலத்தில் அதற்கு மறுநாள் சனியும், ஈஸ்டர் திங்களும் விடுமுறையாக இருந்தன. 1968-இல் பொது விடுமுறைகளைக் குறைத்தபோது அவை போய்விட்டன. நமக்கு மட்டும் இல்லை, இந்துக்களுக்குத் தைப்பூசம் போனது, முஸ்லிம்களுக்கு நபிகள் பிறந்த நாள் போனது. எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். "ஆண்டவர் செத்ததுக்கு லீவு, எழுந்ததுக்கு வேலைக்குப் போகணும்" என்று தாத்தா வருஷா வருஷம் கிண்டல் பண்ணுவார். எனக்கு அதில் குறையே இல்லை. பெரிய வெள்ளியன்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, துக்கம் தானாக வரும். உயிர்ப்பு அப்படி இல்லை. அதை வேலைக்குப் போகிற நாளில், தூக்கம் கலையாத முகத்தோடுதான் செய்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அன்று ஒன்றும் நடக்கவில்லை என்கிறாய். முதல் ஈஸ்டரில் மட்டும் என்ன நடந்தது? வரும் ஞாயிறு எந்தக் கோவிலுக்குப் போனாலும், தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற சீடர் தோமையாரைப் பற்றிய நற்செய்திப் பகுதிதான் வாசிப்பார்கள். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு எல்லா வருஷமும் அதே வாசகம்தான், மாறாது. அவர் சென்னைக்கு வந்தார் என்று மயிலாப்பூரையும் சின்னமலையையும் சொல்லி வளர்த்ததால் நம் ஆட்களுக்குத் தோமையார் என்றால் சொந்தக்காரர் மாதிரி. ஆனாலும் அவர் தொட்டுப் பார்க்கக் கேட்டதை மட்டுமே எல்லாரும் பேசுகிறோம். நடுவில் ஒரு வாரம் இருக்கிறதே, அதைக் கவனித்தாயா? மற்றவர்கள் ஆண்டவரைப் பார்த்தாயிற்று. இவர் பார்க்கவில்லை, நம்ப மாட்டேன் என்று நேராகச் சொல்லியும்விட்டார். அடுத்த வாரம் அதே வீட்டில், அதே ஆட்களோடு இருக்கிறார். அவர்கள் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. இன்னொன்று, ஆண்டவரைப் பார்த்துவிட்டவர்கள் வீட்டுக் கதவு எட்டு நாள் கழித்தும் பூட்டித்தான் இருந்தது என்று யோவான் எழுதி வைத்திருக்கிறார். பார்த்தவர்களுக்கும் பயம் போகவில்லை. அந்த ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பாட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

2024 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் நேஷனல் ஸ்டேடியத்தில் பூசை வைத்தபோது பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். நினைவிருக்கும், நீ வீடியோ அழைப்பில் பார்த்தாய். மறு வருஷம் ஈஸ்டர் திங்களன்று போப் இறந்த செய்தி வந்ததும் எல்லாரும் உச்சுக்கொட்டினோம். பாட்டி மட்டும் டிவியைப் பார்த்து, "நல்ல நாள் பார்த்துப் போயிருக்காரு" என்றார். அவ்வளவுதான். காப்பியைக் கேட்டு வாங்கிக் குடித்தார். அந்த உறுதி எனக்கு இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. பாட்டியிடம் இருந்தது, அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

தன்னை எரிக்கச் சொன்னவரும் அவரேதான். உனக்கு அது வருத்தம் என்று எனக்குத் தெரியும். சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தால் பதினைந்து வருஷம்தான், அப்புறம் தோண்டி எடுத்துவிடுவார்கள். "எடுத்து எரிக்கத்தானே போறாங்க, இப்பவே எரிச்சிடு, உங்களுக்கு ரெண்டு வேலை எதுக்கு?" என்றார். திருச்சபை 1963-இலேயே எரிக்க அனுமதித்துவிட்டது, அதனால் மனக்கிலேசம் வேண்டாம். பாட்டிக்கு இந்தத் தெளிவு சும்மா வரவில்லை. அவருடைய அப்பாவைப் பிடாடாரிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்திருந்தார்கள். அங்கே 1972-லேயே அடக்கம் செய்வதை நிறுத்தியாயிற்று. பிறகு 2001-க்கு மேல் கல்லறைகளைத் தோண்டி எடுத்தபோது, எங்கள் முறை வந்த நாளில் பாட்டியும் நானும் விடியற்காலையில் போய் நின்றோம். நீ அப்போது சின்னப்பிள்ளை. தோண்டியவர்கள் மரியாதையாகத்தான் செய்தார்கள், எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். மண்ணோடு சில ஜெபமாலை மணிகள் வந்தன, கண்ணாடி மணிகள். சங்கிலி மக்கிப் போயிருந்தது. பாட்டி அவற்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து, கழுவி, சிராங்கூன் ரோட்டில் கொடுத்துக் கோத்து வாங்கினார். தினமும் அவர் உருட்டிக்கொண்டிருந்த நீல ஜெபமாலை அதுதான். இப்போது அம்மாவிடம் இருக்கிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பங்குக் கோவிலைச் சேர்ந்த ஒரு இளம் தம்பதிக்கு, கல்லறைகளை எடுத்த அதே பிடாடாரியில் பிடிஓ வீடு, அதாவது அரசு கட்டிய புது அடுக்குமாடி வீடு, கிடைத்திருக்கிறது. ஈஸ்டர் தீர்த்தம் கொண்டு வீடு மந்திரிக்கிற நாட்கள் இவை, தெரியும் அல்லவா. நேற்று சாயங்காலம் ஃபாதரோடு நாங்கள் சிலரும் போயிருந்தோம். புதுப் பெயின்ட் வாசனை, பெட்டிகள் இன்னும் பிரிக்கவில்லை, சோபாவில் பிளாஸ்டிக் உறை. ஃபாதர் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போக, அந்தப் பெண் கைக்குழந்தையோடு பின்னாலேயே போனாள். ஒரு துளி குழந்தையின் முகத்தில் பட்டு அது வீறிட்டு அழுதது. எல்லாரும் சிரித்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். நானும் அந்த மண்ணில் நின்றவன்தான், எந்த இடம் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்தத் தம்பதியிடம் இதைச் சொல்லவில்லை. புதுவீட்டில் போய் யாராவது கல்லறைக் கதை பேசுவார்களா? கொடுத்த கேசரியைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

நீ ஈஸ்டர் இரவுத் திருவிழிப்புக்கு இங்கே இல்லாததால் அதையும் சொல்லிவிடுகிறேன். விளக்கை எல்லாம் அணைத்தாலும் நம் ஊரில் இருட்டு எங்கே வருகிறது, தெருவிளக்கும் காரும் விடுவதில்லை. வெளியே நெருப்பு மூட்டி, ஃபாதர் இந்த வருஷத்துப் புதுப் பாஸ்கா மெழுகுதிரியில் சிலுவை கீறி, 2026 என்று நான்கு எண்ணையும் கீறி, ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்தார். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தோன்றியது, பழைய மெழுகுதிரியில் 2025 என்று இருக்கும். ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோவிலில் உன் ஞானஸ்நானத்தன்று உன் கையில் கொடுத்த சின்னத் திரியையும் அந்த வருஷத்துப் பாஸ்கா மெழுகுதிரியில்தான் ஏற்றினார்கள். 1888-இலிருந்து அங்கே நம் ஆட்களின் பிள்ளைகளுக்கு அப்படித்தான் ஏற்றி வருகிறார்கள். போன நவம்பரில் பாட்டியின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றது 2025. ஞானஸ்நானத்துக்கு ஒன்று, சாவுக்கு வேறொன்று என்று திருச்சபை தனித்தனியாக வைக்கவில்லை. ஈஸ்டர் இரவில் ஏற்றுகிற அதையேதான் இரண்டுக்கும் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

அதற்காக நம் சபையைப் பற்றி ரொம்ப உயர்வாக நினைத்துவிடாதே. திருவிழிப்புக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே டிஷ்யூ பாக்கெட்டை வைத்து பெஞ்சில் இடம் பிடிக்கிறார்கள், ஹாக்கர் சென்டர் சாப்பாட்டு மேசை மாதிரி. எந்த ராகத்தில் அல்லேலூயா பாடுவது என்று பாடகர் குழுவில் தவக்காலம் முழுக்கச் சண்டை. பாவ மன்னிப்பெல்லாம் அப்புறம்தான். இரண்டு பெண்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லை, ஆனால் ஒரே மைக்கில் பாடினார்கள்.

ஆனால் தவக்காலத்திலேயே இன்னொன்றும் நடந்தது. வின்சென்ட் தெ பவுல் சபைக்காரர்கள் வாரா வாரம் போய்ப் பார்த்துவந்த ஒரு பெரியவர், ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருந்தவர், இறந்துபோனார். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு தங்கை மகன் மட்டும். புளோக் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தோம். வட்ட மேசைகள், கச்சான் கடலை, பாக்கெட் பானம் எல்லாம் இருந்தன, உட்கார ஆள்தான் இல்லை. இரவு ஜெபத்துக்கு நாங்கள் கொஞ்சப் பேர் பாடத் தொடங்கியபோது ஒரு பையன் வந்தான். நம் ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வருகிறவன், தமிழ்நாட்டில் ஓரியூர்ப் பக்கம். கட்டட வேலை சைட்டிலிருந்து நேராக, பூட்ஸும் ஒளிரும் மேல்சட்டையுமாக. பூட்ஸைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றான், அதில் அவ்வளவு சேறு. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கள் எல்லாரையும்விடச் சத்தமாக, சுதி கொஞ்சமும் சேராமல் பாடினான். பெரியவரை அவனுக்குத் தெரியவே தெரியாது. முடிந்ததும் மைலோ பாக்கெட் கொடுத்தேன். "எங்கம்மா பொங்கல் கழிச்சு தவறிட்டாங்கண்ணே. போக முடியல. யாரோ ஊர்ல பாடியிருப்பாங்க. அதான் இவருக்கு நான் பாடிட்டுப் போலாம்னு" என்றான். கம்பெனி லாரி கிளம்பும் நேரமாகிவிட்டது என்று பாக்கெட்டைக் கையிலேயே எடுத்துக்கொண்டு ஓடினான்.

அவனுக்குள் அன்று என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. ஒன்றுமே நடக்காமலும் இருந்திருக்கலாம். பாட்டி செத்த அன்று நீ வாயைத் திறந்து பாடவில்லை, நானும் பாடவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனால் பாட்டுக் குறையவில்லையே. சண்டை போடுகிற அதே இரண்டு பெண்கள்தான் பாடினார்கள். நம் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பாடினார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். உனக்கு நம்பிக்கை வருகிறவரை அதை வேறு யாராவது வைத்துக்கொண்டிருக்கலாம், அதில் தப்பில்லை. அதற்குத்தான் இத்தனை பேர், இத்தனை தொல்லையோடு. தனியாக வீட்டில் உட்கார்ந்து நம்புவது பெரிய ஞானிகளுக்கு முடியும். நமக்கெல்லாம் பக்கத்து பெஞ்சில் ஆள் வேண்டும்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். பெந்தெகொஸ்தே மே 24, அதுவரைக்கும் ஈஸ்டர் காலம்தான். இந்த ஞாயிறு கோவிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார். பாடத் தோன்றாவிட்டால் பாடாதே, நடிக்காதே, அழுகை வந்தால் அழு. பூசை முடிந்ததும் ஓடிவிடாமல் நின்று, நாற்காலி அடுக்கவோ டீ ஊற்றவோ ஆள் வேண்டுமா என்று கேள். எந்த ஊர்க் கோவிலிலும் அதற்கு ஆள் போதாது, வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். யாராவது பெயர் கேட்பார்கள். சொல்லிவிட்டு வா. மறு ஞாயிறு போகாவிட்டால் உன்னைத் தேட ஒருவராவது இருப்பார், அது போதும் எனக்கு.

ஜூனில் வருவதாகச் சொன்னாய், டிக்கெட் போட்டதும் தேதியை அனுப்பு. வீட்டு ஜெபத்துக்கு இப்போதெல்லாம் ஆள் குறைவு, நீ வருகிற வாரம் நம் வீட்டில் வைக்கச் சொல்கிறேன். அம்மா உனக்கு மிளகாய்த்தூள் அரைத்து வைத்திருக்கிறாள். இரண்டு கிலோவுக்கு மேல் கொண்டுபோக விடுவார்களா என்று கேட்கச் சொன்னாள், விசாரித்துச் சொல்.

அன்புடன்,
அப்பா