பழைய கேமின் விலையை யார் குறைப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வீடியோ கேம் கட்டுரையில், பழைய கேம் வாங்க அவசரப்பட வேண்டாம், நாளாக ஆக விலை தானாக இறங்கிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். டிஸ்க் வாங்கி விளையாடிய காலத்துக்கு அது சரி. இணையத்தில் கேமை இறக்கிக்கொள்ளும் டிஜிட்டல் கடையில் வாங்குகிறவருக்குப் பொருந்தாது. விலை எங்கும் தானாக இறங்குவதில்லை, யாராவது இறக்க வைத்தால்தான் உண்டு. அப்படி இறக்க வைக்க இந்தக் கடைகளில் ஆளே இல்லை.

டிஸ்க் விற்ற கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். நூறு டிஸ்க் வாங்கி அடுக்குகிறார், அறுபது போகிறது. மீதி நாற்பதும் அலமாரியை அடைத்துக்கொண்டு நிற்கும். அடுத்த மாதம் புது கேம்கள் வரும், இடம் வேண்டும், போட்ட பணமும் கைக்கு வரவேண்டும். அதனால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார். பக்கத்துக் கடைக்காரர் அதையும்விடக் குறைப்பார். விளையாடி முடித்தவர்கள் வேறு தங்கள் டிஸ்க்கை செகண்ட் ஹேண்டில் விற்பார்கள். அங்கே பாதி விலைக்குக் கிடைப்பதைப் புதிதாக முழு விலை கொடுத்து யார் வாங்குவார்? கேமை வெளியிட்ட நிறுவனத்துக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, விலை இறங்கியே தீரும்.

டிஜிட்டலில் இந்த மூன்றுமே இல்லை. சர்வரில் கிடக்கும் ஃபைலுக்கு ஸ்டாக் தேங்குகிறது என்ற கவலை கிடையாது. வாங்கியவர் அதை யாருக்கும் விற்கவும் முடியாது, இரவல் கொடுப்பதும் பெரும்பாலும் நடக்காது. டிவியில் இணைத்து விளையாடும் கன்சோல் என்றால் டிஜிட்டல் கடையும் பெரும்பாலும் ஒன்றுதான். சோனியின் பிளேஸ்டேஷன் கன்சோலில் கேமை இறக்கிக்கொள்ள உதவும் ரகசிய எண்களை (டவுன்லோட் கோடு) வெளிக்கடைகள் விற்றுக்கொண்டிருந்தன, 2019 ஏப்ரலில் சோனி அதையும் நிறுத்தியது. அடுத்த ஆண்டே டிஸ்க் டிரைவ் இல்லாத பிளேஸ்டேஷன் 5 வந்தது. கொஞ்சம் மலிவாக இருக்கிறதே என்று அதை வாங்கியவருக்குப் பழைய டிஸ்க் சந்தையும் சேர்ந்தே மூடிவிட்டது.

ஒரு கேமின் பக்கத்தைத் திறந்து பார்த்தாலே இது புரியும். 'கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 2' வெளியானது 2012 நவம்பரில். பத்து ஆண்டுகள் கழித்தும், கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற டிஜிட்டல் கடையில் அதன் விலை 59.99 டாலர். அதே தொடரில் அதற்குப் பிறகு எத்தனையோ கேம்கள் வந்துவிட்டன, ஆனால் அந்த எண் அசையவில்லை. அதை அப்படியே வைத்திருப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. தள்ளுபடி வாரத்தில் அதன் மேல் ஒரு கோடு போட்டு, பச்சைக் கட்டத்தில் 50 சதவீதம் என்று எழுதினால், பத்து வயதான கேமுக்கு 30 டாலர் கொடுப்பதுகூட நல்ல பேரமாகத் தெரியும். வாரம் முடிந்ததும் விலை பழைய இடத்துக்கே போய்விடும். தள்ளுபடி வரும்வரை காத்திருந்தால் போதும் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அது விலை இறங்கியதாகாது, சில நாள் கதவைத் திறந்துவிட்டு மூடுவதுதான்.

கன்சோலும் கேமும் செய்யும் நின்டெண்டோ நிறுவனத்தின் வழி வேறு. அதன் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' கேம் 2017 மார்ச்சில் 59.99 டாலருக்கு வந்தது. ஆண்டுகள் பல போயும் அதே விலைதான், பெரிய தள்ளுபடியும் அபூர்வம். இதற்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. நாளை விலை குறையும் என்று தெரிந்தால் இன்று யாரும் முழு விலைக்கு வாங்கமாட்டார்கள் என்று ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர் 1972-லேயே எழுதினார். அதனால், குறைக்கவே மாட்டோம் என்று வாங்குபவரை நம்ப வைப்பது வியாபாரத்துக்கு நல்லது. சின்ன ஸ்டூடியோக்கள் விஷயத்தில் இதை நானும் ஏற்கிறேன். நாலு பேர் உட்கார்ந்து மூன்று வருடம் செய்த கேமை இரண்டு டாலருக்கு எதிர்பார்ப்பது தப்பு. விற்பதில் வழக்கமாக 30 சதவீதம் கடைக்கே போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்' அப்படியா? 2014-இல் நின்டெண்டோவின் பழைய வீ யூ கன்சோலுக்கு வந்த கேமின் விரிவான பதிப்பு அது. ஆறு கோடிக்கும் மேல் விற்றுவிட்டது. போட்ட முதலை எப்போதோ எடுத்த கேம். அதற்கும் முதல் நாள் விலையே என்றால், வாங்கியவர்களின் உழைப்புக்கு இவர்கள் என்ன மரியாதை தருகிறார்கள்?

பாட்டு, கார் போன்றவற்றின் உரிமத்துக்குப் பணம் கட்டவேண்டியிருப்பதால்தான் விலை குறையவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. உரிமம் முடிந்தால் பெரும்பாலும் கேமே கடையை விட்டுப் போய்விடுகிறது. 'ஆலன் வேக்' என்ற கேம் 2017 மே மாதம் பாடல் உரிமத்தால் அப்படித்தான் எடுக்கப்பட்டது. எடுப்பதற்குச் சற்று முன்பு 90 சதவீதம் குறைத்து விற்றார்கள். மனம் வைத்தால் குறைக்க முடியும் என்றுதானே அர்த்தம்?

இதில் அடிபடுவது தாமதமாக வருகிறவர்கள். புது கன்சோல் வாங்க வசதியில்லாமல் யாரோ பயன்படுத்தியதை வாங்கும் வீடுகளும், முதல் சம்பளத்தில் சின்ன வயது ஆசையைத் தீர்க்க நினைப்பவர்களும்தான் பழைய கேம்களைத் தேடுகிறார்கள். இருப்பவர்களிலேயே வசதி குறைந்தவர்களிடம் முழு விலை கேட்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

முன்பு இதே நிறுவனங்கள்தான் நன்றாக விற்ற கேம்களைச் சில ஆண்டுகளில் 'நின்டெண்டோ செலக்ட்ஸ்' என்றும், 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்றும் தனிப் பெயர் கொடுத்து 20 டாலருக்கு நிரந்தரமாக இறக்கின. யாரும் நஷ்டப்பட்டுக் கடையை மூடவில்லை. டிஜிட்டலிலும் மூன்றாம் ஆண்டில் இவ்வளவு, ஆறாம் ஆண்டில் இவ்வளவு என்று முன்கூட்டியே அறிவித்து இறக்கலாமே. அப்புறம், மறுவிற்பனை உரிமை. ஸ்டீமில் வாங்கிய கேமை மறுபடி விற்கலாம் என்று பாரிஸ் நீதிமன்றம் ஒன்று 2019-இல் தீர்ப்பளித்தது, 2022-இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. கலிஃபோர்னியாவில் 2025 முதல், வாங்குவது கேமை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தைத்தான் என்பதை டிஜிட்டல் கடைகள் வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் அதனால் விலை ஒரு டாலர்கூடக் குறையாது.

உங்கள் இதழ் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கேம் விமர்சனங்களிலும் பரிந்துரைப் பட்டியல்களிலும் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் அது வெளியான ஆண்டு, அன்றைய விலை, இன்றைய முழு விலை, இதுவரை வந்த குறைந்தபட்ச விலை ஆகியவற்றையும் சேர்த்து அச்சிடுங்கள். தொடர்ந்து போட்டுவந்தால், எந்த நிறுவனம் விலையை உண்மையிலேயே இறக்குகிறது என்பது வாசகர்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்