கரண்ட் பிடித்துவிட்டு மலைக்குத் திரும்புகிறவருக்கு என்ன சாப்பாடு?

புற்றுநோய்ப் பிரிவு வைத்தியர்களுக்கும் போசணை ஆலோசகர்களுக்கும் தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கும்,

வணக்கம். மகரகமவிலோ கண்டியிலோ புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை (எங்கள் பேச்சில் 'கரண்ட் பிடிப்பது') முடித்து வருகிறவருக்கு எங்கள் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ராஜ உபசாரம்தான். பார்க்க வருகிறவர்கள் தம்பிலி (செவ்விளநீர்), முட்டை, மால்ட் டின் என்று கொண்டுவந்து குவிப்பார்கள். "நல்லா சாப்பிடுங்க" என்று கிளினிக்கில் சொல்லியனுப்புவதும் அதையேதான். பலருக்கு அது சரி. வாய்ப் புற்றுநோய்க்காகக் கழுத்தில் கரண்ட் பிடித்தால் அந்தக் கதிர் சிறுநீரகத்தைத் தொடுவதில்லை. கதிர் சிறுநீரகத்திலும் படக்கூடிய வயிற்றுப் பக்கம் பிடித்தவர்களைப் பற்றித்தான் இந்த மடல்.

இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகும் சராசரிக் கதிர் அளவு 18 கிரேக்குள் (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) இருந்தால் ஆபத்து குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் தாண்டினால் சேதம் உடனே தெரிவதில்லை, ஆறு மாதத்துக்குப் பிறகோ சில வருடங்கள் கழித்தோதான் வெளியே வரும். பிரசர் ஏறும், கால் வீங்கும், சிறுநீரில் புரதம் போகும், இரத்தம் குறையும். என் அத்தைக்குக் கால் வீங்கியபோது வயதுக் கோளாறு என்றார்கள். பழைய சிகிச்சையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காட்டுவதற்கு அவர் கிளினிக் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

சாப்பாட்டால் அந்தச் சேதத்தை அழிக்க முடியாது, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். முதல் காரியம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்குள் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. காலையில் ரொட்டியும் சம்பலும், பகலில் கருவாட்டுக் குழம்பு என்று போகிற வீட்டில் அந்தக் கரண்டி எப்போது நிரம்பும் என்று யோசித்துப் பாருங்கள். கருவாட்டை நிறுத்துங்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். சம்பள நாளுக்கு முந்தின வாரம் வேறு என்ன வாங்குவது? ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் உப்பு ஓரளவு குறையும் என்றாவது சொல்லுங்கள்.

புரதம் இதைவிடச் சிக்கல். புரதம் குறைந்த தீனி கொடுத்த எலிகளில் கதிர்வீச்சால் வந்த சிறுநீரகச் சேதம் குறைவாக இருந்திருக்கிறது. அதை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, ஏற்கெனவே மெலிந்து எலும்பாகிப்போனவருக்குப் பருப்பையும் முட்டையையும் நிறுத்தினால் நோயை விடப் பட்டினிதான் முந்திக்கொள்ளும். எவ்வளவு புரதம் என்பதை எடையையும் இரத்தப் பரிசோதனையையும் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு ஆலோசனைக்கு விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் தம்பிலி. இந்தச் சேதத்துக்கு நீங்கள் எழுதிக்கொடுக்கும் கப்டோப்ரில், எனலாப்ரில் வகைப் பிரசர் மாத்திரைகள் எலிகளிலும் சேதத்தைத் தள்ளிப்போட்டவை, நல்ல மருந்துகள்தான். ஆனால் அவை இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. தம்பிலித் தண்ணீரிலும் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகம் தளர்ந்தவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தினமும் இரண்டு தம்பிலி குடித்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். வீட்டுக்காரர்களோ அன்பாகத்தான் கொடுக்கிறார்கள். அதற்காக எல்லாரையும் பயமுறுத்தவும் வேண்டாம், பொட்டாசியம் கூடியவருக்கு மட்டும் தம்பிலியை நிறுத்தி, உருளைக்கிழங்கை நிறையத் தண்ணீரில் அவித்து வடிக்கச் சொன்னால் போதும். காமரங்காய் (நட்சத்திரப் பழம்) மட்டும் விதிவிலக்கு. சிறுநீரகம் பழுதானவர் அதைத் தொடவே கூடாது.

வயிற்றில் கரண்ட் பிடித்தவரின் கிளினிக் புத்தகத்தில் எந்த இடம், சிறுநீரகத்துக்கு எவ்வளவு என்று தமிழிலும் எழுதிக் கொடுங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் மாதம் ஒருமுறை பிரசரும் சிறுநீரும் பார்க்கட்டும், கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பொட்டாசியமும் பார்க்க ஆஸ்பத்திரிக்கு எப்போது வர வேண்டும் என்ற திகதியும் அதே பக்கத்தில் இருக்கட்டும். சாப்பாட்டுத் தாளைத் தயாரிக்கும்போது தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ரொட்டி மாவில் எவ்வளவு உப்பு விழுகிறது என்று அவர்கள்தான் சொல்வார்கள்.

இப்படிக்கு,
அட்டன் பக்கத்துத் தோட்டவாசி ஒருவர்